கோபுரத்தின் கீழே என்ன இருக்கிறது?

வானொலி மறையுரை: பொதுக்காலம் 27ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
எசாயா 5:1-7, பிலிப்பியர் 4:6-9, மத்தேயு 21:33-43



இன்றைய முதல் வாசகத்திலும் நற்செய்தியிலும் ஒரே இடம்தான் வருகிறது. அது ஒரு திராட்சைத் தோட்டம். இறைவாக்கினர் எசாயா அதைப் பற்றிப் பாட்டுப் பாடுகிறார். ஆண்டவர் இயேசு அதைப் பற்றிக் கதை சொல்கிறார். இருவருமே தோட்டத்தில் என்னென்ன இருந்தன என்று பட்டியல் போடுகிறார்கள். கல் பொறுக்கிப் பண்படுத்திய நிலம், நல்ல செடி, நடுவே காவல் மாடம், பாறையில் குடைந்த ஆலை. இவற்றைக் கேட்டு எருசலேம் மக்கள் உடனே தலையாட்டியிருப்பார்கள். அவர்கள் அன்றாடம் பார்த்த காட்சி அது. நம்மில் பலரோ நெல்வயலையும் தென்னந்தோப்பையும் பார்த்து வளர்ந்தவர்கள். ஆகவே, இன்று நாம் அத்தகைய ஓர் ஊருக்கு மனத்தளவில் பயணம் மேற்கொள்வோம்.

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கே போர்தோ என்ற பெருநகர் உள்ளது. அதற்குக் கிழக்கே தோர்தோன்யு ஆற்றுக்கு வடக்கில், சுண்ணாம்புப் பாறை மேட்டின் விளிம்பில் அமைந்திருக்கிறது சேன்ட் எமிலியோன் என்ற சிற்றூர். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். உரோமையர் காலத்திலேயே இங்கே திராட்சை பயிரிட்டார்கள். நான்காம் நூற்றாண்டுக் கவிஞர் அவுசோனியுசின் பெயர் இன்றும் இங்குள்ள ஒரு தோட்டத்திற்கு வழங்குகிறது. புனித யாக்கோபின் திருத்தலமான கொம்போஸ்தெலாவை நோக்கி நடந்த திருப்பயணிகள் இவ்வழியே சென்றிருக்கிறார்கள். 1199ஆம் ஆண்டு, அப்போது இப்பகுதியையும் ஆண்ட இங்கிலாந்து மன்னர் ஜான், ஊர் நிர்வாகத்தைக் கவனிக்கும் உரிமையை 'ஜுராத்' என்ற ஊர்ச்சபைக்கு வழங்கினார். ஊரின் கருவூலம் மட்டுமல்ல, ஊரில் விளையும் திராட்சை இரசத்தின் தரமும் அவர்கள் பொறுப்பில் இருந்தது. 1999ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இவ்வூரையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

கல் பாவிய செங்குத்தான சந்துகளில் நாம் ஏறி இறங்கினால், எசாயா போட்ட பட்டியல் முழுவதையும் இங்கே காணலாம். காவல் மாடமா? மன்னர் கோபுரம் என்ற சதுரக் கோபுரம் ஊரின் ஓரத்தில் நிற்கிறது. செப்டம்பர் மாதத்தில் ஜுராத் சபையினர் சிவப்பு அங்கி அணிந்து அதன் உச்சிக்கு ஏறி, அறுவடை தொடங்கலாம் என்று அறிவிக்கிறார்கள். பாறையில் குடைந்தவையா? ஊரே பாறையில் குடைந்ததுதான். பல நூற்றாண்டுகளாகக் கட்டடங்களுக்குக் கல் வெட்டியதால், தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் அடியில் பல கிலோமீட்டர் நீளத்திற்குச் சுரங்கங்கள் ஓடுகின்றன.

அன்பர்களே, இந்த இடத்தில் ஒரு கேள்வி நம்மில் சிலர் மனத்தில் எழலாம். குறிப்பாக, குடியால் நிம்மதி இழந்த தாய்மார்களின் மனத்தில் எழலாம். 'மது விளையும் ஊரைப் பற்றி மறையுரையில் பேச வேண்டுமா?' என்ற கேள்வி அது. நியாயமான கேள்விதான். கானாவூர்த் திருமணத்தில் தண்ணீரை இரசமாக்கியவர் ஆண்டவர். இராவுணவில் அதே இரசத்தைத் தம் இரத்தமாகத் தந்தவரும் அவரே. ஆனால், சீராக்கின் ஞானநூல் 31ஆம் பிரிவு திராட்சை இரசத்தை மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டு, அளவு மீறினால் அதுவே மனக்கசப்பையும் சண்டையையும் கொணரும் என்றும் எச்சரிக்கிறது. கொடியைக் குற்றம் சொல்ல முடியாது. குடும்பத்தின் அரிசிக் காசை எடுத்துக்கொண்டு போகிறவன்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் பிள்ளைகளின் அழுகுரலை ஆண்டவர் கேட்கிறார். எசாயாவின் பாட்டும் கடைசியில் ஓர் அழுகுரலில்தான் முடிகிறது. அதற்கு நாம் பின்னர் வருவோம்.

முதலில், தோட்டக்காரரின் உழைப்பைச் சற்றுப் பார்ப்போம். சேன்ட் எமிலியோனில் பெரும்பாலும் பயிராவது மெர்லோ என்ற கறுந்திராட்சை. குளிர்காலத்தில் ஒவ்வொரு கொடியாகக் குனிந்து, முந்தைய ஆண்டு வளர்ந்த கிளைகளில் பெரும்பகுதியை வெட்டிவிடுகிறார்கள். வசந்தத்தில் துளிரைக் கட்டிவிட வேண்டும். கோடையில் மிகுதியான இலைகளைக் கிள்ள வேண்டும். புதிதாக ஒரு கொடியை நட்டால், பயனுள்ள விளைச்சலுக்கு மூன்று ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வந்த கடும் உறைபனியில் இப்பகுதியின் கொடிகள் பெருமளவில் செத்துப்போயின. விவசாயிகள் மறுபடியும் நட்டார்கள், மறுபடியும் காத்திருந்தார்கள்.

இப்படி உழைத்தவருக்குத்தான் ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு: 'இதற்குமேல் என் தோட்டத்திற்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்?' எசாயாவின் பாட்டில் ஆண்டவர் கேட்பது இதைத்தான். கோபத்தைவிட வருத்தமே அந்தக் கேள்வியில் மிகுதி. பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை தவறிப்போகும்போது, பெற்றவர்கள் இரவில் படுக்கையில் கிடந்து கேட்டுக்கொள்ளும் கேள்வி அது.

அவர் எதிர்பார்த்த கனி என்ன? கிடைத்தது என்ன? எபிரேய மொழியில் எசாயா இங்கே சொல்லோடு சொல்லை உரசிக் காட்டுகிறார். 'மிஷ்பாத்', அதாவது நீதியை எதிர்பார்த்தார். கிடைத்ததோ 'மிஸ்பாஹ்', இரத்தக்களரி. 'செதாக்கா', அதாவது நேர்மையை எதிர்பார்த்தார். கிடைத்ததோ 'செஆக்கா', அழுகுரல். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல பழமும் காட்டுப் பழமும் ஒன்றுபோலவே தெரியும். கடித்துப் பார்த்தால்தான் தெரியும் வேறுபாடு. வழிபாடும் விழாவும் நிறைந்த ஒரு சமுதாயமும் அப்படித்தான். உள்ளே நீதி இருக்கிறதா, அழுகுரல் இருக்கிறதா என்பது ஏழை ஒருவர் வந்து கதவைத் தட்டும்போதுதான் வெளிப்படும்.

சேன்ட் எமிலியோனின் கதை அத்தகைய ஓர் ஏழையிடமிருந்துதான் தொடங்குகிறது. அந்த ஊரின் பெயருக்கு உரியவர் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித எமிலியோன். பிரான்சின் வடமேற்கே பிரித்தானி பகுதியில் வான் என்ற ஊரில் பிறந்தவர். அங்கே ஒரு பிரபுவின் வீட்டில் அவர் பணியாற்றியதாக மரபு சொல்கிறது. அந்த வீட்டு ரொட்டியைத் தம் மேலாடைக்குள் மறைத்து எடுத்துச் சென்று ஏழைகளுக்குக் கொடுப்பாராம். பொறாமை கொண்ட ஒருவர் பிரபுவிடம் போய்ச் சொல்லிவிட்டார். ஒரு நாள் பிரபு வழிமறித்து, 'உள்ளே என்ன?' என்று கேட்டார். 'விறகு' என்றார் எமிலியோன். ஆடையைத் திறந்து பார்த்தபோது ரொட்டிகள் விறகாக மாறியிருந்தன என்கிறது அந்தக் கதை. ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தின் ஆடைக்குள் ரொட்டி ரோசாப் பூக்களான கதையை நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். இது அதற்கு அண்ணன் போன்ற கதை.

பின்னர் புகழுக்கு அஞ்சி அவர் அந்த ஊரைவிட்டு வெளியேறினார். துறவியானார். கடைசியில் இந்தச் சுண்ணாம்புப் பாறை மேட்டுக்கு வந்து, ஊற்று ஒன்றின் அருகே ஒரு குகையில் தங்கினார். 767ஆம் ஆண்டில் அங்கேயே இறந்தார் என்பது மரபு. அவர் தங்கியதாகச் சொல்லப்படும் குகை இன்றும் இருக்கிறது. ஊற்றில் தண்ணீரும் இருக்கிறது. இன்று உலகெங்கும் விலையுயர்ந்த புட்டிகளின் மேல் அவர் பெயர் அச்சாகிறது. ஆனால், மரபு அவரைப் பற்றி முதலில் நினைவில் வைத்திருப்பது இரசத்தை அல்ல, ஏழைக்குப் போன ரொட்டியைத்தான்.

அவர் இறந்து சில நூற்றாண்டுகளுக்குப்பின், அவர் வாழ்ந்த குகைக்கு அருகிலேயே துறவிகள் ஒரு கோவில் எழுப்பினார்கள். 'எழுப்பினார்கள்' என்று சொல்வது தவறு. குடைந்தார்கள். ஒரே பாறையை உள்ளுக்குள் குடைந்து குடைந்து, ஏறக்குறைய 38 மீட்டர் நீளமும் 12 மீட்டர் உயரமும் கொண்ட நிலத்தடிக் கோவிலை உருவாக்கினார்கள். தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. மற்றதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, தூண்களை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு, அந்தக் கோவிலுக்கு மேலே, 12ஆம் நூற்றாண்டு தொடங்கி 15ஆம் நூற்றாண்டுவரை, கல்லால் ஒரு மணிக்கோபுரத்தைக் கட்டி உயர்த்தினார்கள். 196 படிகள் ஏறினால் உச்சி. அங்கிருந்து பார்த்தால் ஊரும் தோட்டங்களும் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும்.

ஆனால், கீழே இறங்கி அந்தக் கோவிலுக்குள் நுழைந்தால் வேறொரு காட்சி. நடுவில் உள்ள தூண்களைச் சுற்றி உலோகத்தால் பட்டை கட்டி இறுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்புக் கல் தண்ணீரை உறிஞ்சும். நூற்றாண்டுக் கணக்கில் ஈரம் ஊறி ஊறி அந்தத் தூண்கள் வலுவிழந்துவிட்டன. மேலே கோபுரத்தின் சுமையோ கொஞ்சமும் குறையவில்லை. வெளியே சந்தைத் திடலில் நின்று கோபுரத்தைப் படம் பிடிப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

அன்பு உள்ளங்களே, இந்தக் காட்சியின் முன் நாம் சற்று நிற்க வேண்டும். நம் பங்குகளிலும் கோபுரம் எழுப்புகிறோம். மகிழ்ச்சியே. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். கொடியேற்றம், தேர்ப்பவனி, ஒலி, ஒளி எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகின்றன. இவற்றைத் தாங்கி நிற்கும் தூண்கள் எவை? குடும்பச் செபம் ஒரு தூண். அன்பியக் கூட்டத்தில் ஒருவர் துன்பத்தை ஒருவர் கேட்டறிவது ஒரு தூண். கைம்பெண் ஒருவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கவனிக்கும் அடுத்த வீட்டாரின் கண்கள் ஒரு தூண். கூலியை மாலைக்குள் கணக்குத் தீர்த்துக் கொடுக்கும் நேர்மை ஒரு தூண். இவற்றில் ஈரம் ஊறுவது யாருக்கும் தெரியாது. இரண்டு சகோதரர்கள் சொத்துத் தகராறில் பேசாமல் இருக்கிறார்கள். ஒரே திருப்பலியில் இருவரும் நற்கருணை வாங்குகிறார்கள். இது ஈரம். ஒரு தெருவுக்குத் தேர் போகும், இன்னொரு தெருவுக்குப் போகாது. இதுவும் ஈரம். சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு சுவர் நிற்குமானால், அது வெறும் ஈரமல்ல, வெடிப்பு.

அந்த ஊர் மக்களிடம் நாம் ஒன்று கற்கலாம். தூண் வலுவிழந்தது தெரிந்ததும் அவர்கள் அதை மறைக்கவில்லை. அழகான கோவிலுக்குள் அழகற்ற உலோகப் பட்டைகளைக் கட்டினார்கள். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மனமாற்றமும் பெரும்பாலும் அழகாக இருப்பதில்லை. பல ஆண்டுகளாகப் பேசாத தம்பியின் வீட்டு வாசலில் போய் நிற்பது அழகான காட்சியல்ல. ஆனால், கோபுரம் விழாமல் நிற்பது அதனால்தான்.

இனி, எசாயா சொன்ன இரத்தக்களரிக்கு வருவோம். அது இந்த அழகிய ஊரையும் விட்டுவைக்கவில்லை. 1789ஆம் ஆண்டு தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியின்போது, துறவியர் வெளியேற்றப்பட்டனர். இந்தப் பாறைக் கோவிலில் வெடிமருந்துக்கான வெடியுப்பு எடுத்தார்கள். அதனால் சுவர் ஓவியங்கள் அழிந்தன. 1793ஆம் ஆண்டு, புரட்சியின் தலைவர்களுக்குள்ளேயே பிளவு. தோற்ற அணியைச் சேர்ந்தவர்களுக்கு மரண தண்டனை. அவர்களில் ஒருவரான எலி குவாதே இவ்வூர்க்காரர். அவரும் தோழர்களும் உயிருக்குத் தப்பி இங்கே ஓடிவந்தனர். மொத்தம் ஏழு பேர். ஊரில் பலர் பயந்து கதவை அடைத்துக்கொண்டனர்.

கதவைத் திறந்தவர் ஒரு பெண். குவாதேயின் உறவினரான தெரேஸ் பூக்கே அம்மையார். தம் வீட்டுக் கிணற்றின் வழியாக நுழையும் ஒரு நிலத்தடிக் குகையில் ஏழு பேரையும் மறைத்து வைத்தார். அது தட்டுப்பாட்டுக் காலம். ஒவ்வொருவருக்கும் உணவு அளந்து கொடுக்கப்பட்டது. கூடுதலாக ரொட்டி கேட்டால் சந்தேகம் வரும். தமக்குக் கிடைத்த கொஞ்சத்தை ஏழு பேரோடும் பங்கிட்டார். ஒரு மாதம் போல அவர்கள் அங்கே இருந்தார்கள். பிறகு ஆபத்து நெருங்கவே, பிரிந்து போனார்கள். அடுத்த ஆண்டு, 1794 சூன் மாதம் குவாதே பிடிபட்டார், கொல்லப்பட்டார். சூலை மாதம், அவருடைய முதிய தந்தையும், தெரேஸ் பூக்கேயும், அவர் கணவரும் போர்தோ நகரில் தலை வெட்டப்பட்டு இறந்தார்கள். அந்த மாத இறுதியிலேயே அந்தப் பயங்கர ஆட்சி கவிழ்ந்தது.

சிந்தித்துப் பாருங்கள். அவர் மறைத்து வைத்த ஏழு பேரும் புனிதர்கள் அல்ல. திருஅவையின் நண்பர்களும் அல்ல. அரசியல்வாதிகள். அவர்களும் அதிகாரத்தில் இருந்தபோது தவறுகள் செய்தவர்களே. 'இவர்கள் தகுதியானவர்களா?' என்ற கேள்வியை அந்த அம்மையார் எழுப்பியதாகத் தெரியவில்லை. பசித்தவர்கள், விரட்டப்பட்டவர்கள் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. மத்தேயு நற்செய்தி 25ஆம் பிரிவில், அன்னியனாய் வந்தேன், ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஆண்டவர் சொல்லும்போது, வந்தவருடைய நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்கவில்லையே!

எட்டாம் நூற்றாண்டில் மேலாடைக்குள் மறைத்த ரொட்டி. பதினெட்டாம் நூற்றாண்டில் கிணற்றுக்குள் இறக்கிய ரொட்டி. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள். எமிலியோனின் ரொட்டியாவது விறகாக மாறி அவரைக் காப்பாற்றியது. தெரேஸ் பூக்கேக்கு எந்தப் புதுமையும் நடக்கவில்லை. அப்படியிருந்தும் கொடுத்தார். ஆண்டவர் தம் திராட்சைத் தோட்டத்தில் தேடிய கனி இதுதான், சகோதர சகோதரிகளே. சேன்ட் எமிலியோனில் பழுத்த நல்ல பழங்களில் தலைசிறந்தது எந்தக் கொடியிலும் காய்க்கவில்லை.

நற்செய்தியில் வரும் தோட்டத் தொழிலாளர்களை இப்போது பார்ப்போம். அவர்கள் தொடக்கத்திலேயே கொலைகாரர்கள் அல்ல. குத்தகைக்கு எடுத்தார்கள். உழைத்தார்கள். உரிமையாளர் நெடும்பயணம் போய்விட்டார். நாளாக நாளாக, 'இது நம் தோட்டம்' என்ற எண்ணம் வந்தது. கனியைக் கேட்டு வந்தவர்கள் அவர்களுக்குத் தொல்லையாகத் தெரிந்தார்கள். மகனே வந்தபோது, வாரிசைக் கொன்றால் சொத்து நமதாகும் என்று கணக்குப் போட்டார்கள். கொலை கடைசியில் வந்தது. 'நமது' என்ற நினைப்பு முதலில் வந்தது.

'நம் கோவில்', 'நம் சங்கம்', 'நம் குடும்பம்தான் இந்தத் திருவிழாவை எப்போதும் நடத்தும்' என்று நாம் பாசத்தோடுதான் சொல்கிறோம். ஆனால், அந்தப் பாசம் எந்த நாளில் குத்தகைக்காரரின் பேராசையாக மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். அடையாளம் ஒன்று உண்டு. கனியைக் கேட்டு ஒருவர் வரும்போது நமக்கு எரிச்சல் வருகிறதா? வாடகை வீட்டில் புதிதாகக் குடிவந்தவர், வேலை தேடி வந்த வடமாநில இளைஞர், கையில் மருந்துச்சீட்டோடு நிற்கும் முதியவர், குடியிலிருந்து மீள வழி தேடும் ஒருவரின் மனைவி. இவர்கள்தாம் உரிமையாளர் அனுப்பும் பணியாளர்கள். பழம் பறிக்க அவர் இவர்களைத்தான் அனுப்புகிறார்.

இந்த வாரத்திற்கு ஒரு சிறு முயற்சி. நம் வீட்டு உணவில் ஒரு பங்கு, யாருக்கும் தெரியாமல், இல்லாத ஒரு வீட்டுக்குப் போகட்டும். புகைப்படம் வேண்டாம், அறிவிப்புப் பலகையில் பெயரும் வேண்டாம். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் கேட்டிருக்கிறார். அதோடு, நம் குடும்பத்தில் ஈரம் ஊறிய தூண் எது என்று கணவனும் மனைவியும் ஒரு நாள் மாலை உட்கார்ந்து பேசட்டும். பவுலடியார் இன்றைய இரண்டாம் வாசகத்தில் சொல்வதுபோல், கவலைப்படாமல், நன்றியோடு, நம் தேவைகளை இறைவனிடம் சொல்வோம். அமைதியின் கடவுள் நம்மோடு இருப்பார்.

திராட்சைத் தோட்டத்தின் உரிமையாளரே இறைவா, எங்களுக்காக நீர் செய்யாமல் விட்டது எதுவும் இல்லை. வெட்ட வேண்டியதை வெட்டும். வேரை மட்டும் விட்டுவையும். எங்கள் கோபுரங்களைத் தாங்கும் தூண்களை நீரே கட்டியெழுப்பும். கனி கேட்டு நீர் அனுப்புகிறவர்களை அடையாளம் காணும் கண்களையும், அஞ்சாமல் கதவைத் திறக்கும் துணிவையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.